அரசருக்கு மோர் பிடிக்குமா?

வெண்குன்றூர் அரசர் கொற்றவேளின் சபையில் உலகுடையாள் என்றொரு கெட்டிக்காரி இருந்தாள். பிறந்ததிலிருந்தே அவளால் நடக்க முடியாது. சக்கரம் வைத்த நாற்காலியில்தான் சபைக்கு வருவாள். தள்ளுவது அவள் அண்ணன் காரி. வாய் மட்டும் யாரும் தள்ளாமலே ஓடும்.

ஒரு நாள் அமைச்சர் திருமேனிராயருக்குக் கருணை பொங்கியது. அரசரிடம் சொல்லி ஒரு சட்டம் போட வைத்தார். ‘பிறர் உதவியில்லாமல் அன்றாடக் காரியம் செய்ய முடியாதவர்கள், உதவி செய்பவர் சொற்படியே நடக்க வேண்டும்.’

அன்று மாலையே காரி ஆரம்பித்துவிட்டான். “இனிமே நான் சொல்றதுதான். உனக்குத் தனி வீடு எதுக்கு? பூட்டிட்டு எங்க வீட்டுப் பின்கட்டுக்கு வந்துடு. சபைக்கும் போக வேண்டாம்.”

பாசமாகத்தான் சொன்னான். அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. கடைசியாக ஒரு தடவை என்று கெஞ்சி, மறுநாள் சபைக்கு வந்தாள்.

“அரசே, இந்தச் சட்டத்தில் யாருக்காவது விலக்கு உண்டா?”

“எனக்கே கிடையாது” என்றார் அரசர் பெருமையாக.

“அது போதும்” என்றவள், போகிற வழியில் அரண்மனை வேலையாட்களுக்குச் சட்டத்தை விளக்கிவிட்டுப் போனாள்.

விடிந்ததும் அரசர் மஞ்சள் பட்டு கேட்டார். உடை உடுத்திவிடுபவன் பச்சையை எடுத்தான். “நீங்களே கட்டிக்குவீங்களா அரசே?”

அரசர் முயன்றார். பட்டுக்குள் சிக்கிக் கட்டிலிலிருந்து உருண்டார். பச்சையிலேயே வெளியே வந்தார். பணியாரம் கேட்டதற்குப் பாகற்காய்க் கஞ்சி வந்தது. கோபத்தோடு பல்லக்கில் ஏறி, “வேட்டைக்குப் போ” என்றார். பல்லக்குத் தூக்கும் சொக்கன், தன் மைத்துனி வீட்டுக் காதுகுத்துக்குத் தூக்கிப் போனான்.

மைத்துனி பார்த்தது அரசரை. கேட்டது சொக்கனை. “இவருக்கு மோர் பிடிக்குமா?”

“பிடிக்கும். ரெண்டு செம்பு குடிப்பாரு.”

“எனக்கு மோரே ஆகாது” என்றார் அரசர்.

“பாவம், பேச்செல்லாம் எவ்வளவு தெளிவா இருக்கு” என்று அவள் அரசரின் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள்.

இரண்டு செம்பும் உள்ளே போயிற்று.

பொழுது சாய்வதற்குள் சபை கூடியது. “சட்டம் ரத்து” என்றார் அரசர், ஏப்பத்துக்கு நடுவே. “தள்ளுபவர் தள்ளட்டும், தூக்குபவர் தூக்கட்டும். எங்கே என்று சொல்வது உட்கார்ந்திருப்பவர்.”

“அவர்கள் நன்மைக்காகத்தான்…” என்று எழுந்தார் அமைச்சர்.

“ராயரே, மோர் குடிக்கிறீரா?”

அமைச்சர் உட்கார்ந்தார்.

காரி தங்கையிடம் குனிந்தான். “எந்த வீட்டுக்குப் போகலாம்?”

“என் வீட்டுக்கு.”

அரசருக்கு அவளுக்கு ஏதாவது பரிசு கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பழக்கதோஷம், காரியைப் பார்த்துத்தான் கேட்டார். “உன் தங்கைக்கு என்னய்யா பிடிக்கும்?”

உலகுடையாள் வாசலில் நின்ற சொக்கன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, அரசருக்கு என்ன கொடுக்கப் பிடிக்கும்?”

“கறவை மாடு ஒண்ணு. சபைப் படியோரம் நாற்காலி ஏற ஒரு சரிவுப் பாதை” என்றான் சொக்கன், யோசிக்காமலே.

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். கொடுத்தும் விட்டார்.