ராணியின் கன்னம்

குருவுக்கு முப்பத்தொரு வயது. சிஷ்யைக்கு ஐம்பத்தாறு. சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்துவிடலாம், பிறகு இடம் இருக்காது.

குருவின் பெயர் பெலிக்ஸ். திருச்சியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் உட்கார்ந்து, வெளிநாட்டு வீடியோ கேம்களுக்கு கம்ப்யூட்டரில் அரக்கர்களும் அரண்மனைகளும் வரைகிறவர். ஞானிக்குரிய லட்சணம் ஒன்றே ஒன்று உண்டு. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வார், அதையும் பாதி நாள் சொல்ல மாட்டார்.

சிஷ்யை மரகதவல்லி. வங்கியில் மேலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். இரண்டு வருடமாக பெலிக்ஸிடம் டேப்லெட்டில் மாயாஜாலப் படங்கள் வரையக் கற்கிறார்.

அன்று வகுப்பு இல்லாத புதன்கிழமை. மதியம் மூன்று மணிக்கு மரகதவல்லி செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"சார், ஒரே ஒரு கேள்வி. என் பொண்ணு ஏன் 'யாரும்மா இது'ன்னு கேட்டா?"

"உட்காருங்க மேடம். எதைப் பார்த்துக் கேட்டாங்க?"

மகள் இலக்கியாவின் பிறந்தநாளுக்காக, அவளையே ராணியாக வைத்து மரகதவல்லி ஒரு படம் வரைந்திருந்தார். மேகக் கடலுக்கு மேலே பறக்கும் யாளி. அதன் முதுகில் வேலோடு ராணி. எதிரே மலை உயரத்துக்கு ஓர் அரக்கன். நாற்பத்தேழு நாள் உழைப்பு. ஞாயிற்றுக்கிழமை ஃப்ரேம் போட்டுக் கையில் கொடுத்தார். இலக்கியா வெகுநேரம் பார்த்தாள். அந்த ஒரு கேள்வியைக் கேட்டாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

"பெட்டி கட்டிட்டா சார். ஏழு மணிக்கு பஸ். சென்னைல ஹாஸ்டல் பார்த்துட்டாளாம், இனிமே வீட்டுக்கு வரமாட்டாளாம். ஒரு படம் சரியா வரலைன்னா இப்படியா பண்ணுவாங்க?"

பெலிக்ஸ் அவர் கொண்டுவந்திருந்த டேப்லெட்டை வாங்கிப் படத்தைத் திறந்தார்.

"மூக்கு சரியில்லையா? அளவெடுத்துத்தான் வரைஞ்சேன். தாடையா? கண்ணா? எதுன்னு சொல்லுங்க, இப்பவே மாத்திடறேன்."

"ரீப்ளே போடுங்க."

படம் வரையும் அந்த ஆப், போடும் ஒவ்வொரு கோட்டையும் நாள் கணக்கோடு தானே பதிவு செய்து வைத்துக்கொள்ளும். நாற்பத்தேழு நாளும் இரண்டு நிமிடத்தில் ஓடிவிடும். மரகதவல்லி அதை ஒரு தடவைகூடப் போட்டுப் பார்த்ததில்லை. வரைந்தவளுக்குத் தெரியாத எது அதில் இருந்துவிடப் போகிறது?

ஓடத் தொடங்கியது. பத்தாவது விநாடியில் இலக்கியா வந்துவிட்டாள். சோபாவில் உட்கார வைத்து, நேரில் பார்த்து வரைந்த முகம். கொஞ்சம் அகன்ற மூக்கு, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு, நல்ல கருப்பு.

"பாருங்க சார், அவளேதான்! அச்சு அசல்!"

"பாருங்க" என்றார் பெலிக்ஸும்.

யாளிக்குச் சிறகு முளைத்தது. மேகம் திரண்டது. அரக்கன் எழுந்து நின்றான். நடுநடுவே தூரிகை ராணியின் கன்னத்துக்கு வந்துவிட்டுப் போனது. கிரீடத்தில் கல் பதித்துவிட்டு ஒரு தடவை. வேலின் முனையைத் தீட்டிவிட்டு ஒரு தடவை. போகிற போக்கில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் கன்னம் கொஞ்சம் வெளுத்தது.

அரை நிமிடத்தில் அவள் மாநிறம். ஒரு நிமிடத்தில் கோதுமை நிறம். ஓடி முடிந்தபோது சந்தன நிறத்தில் யாரோ ஒருத்தி யாளி மேல் உட்கார்ந்திருந்தாள்.

மரகதவல்லியின் கை வாயைப் பொத்திக்கொண்டது.

"இது நான் பண்ணல சார்."

"உங்க டேப்லெட்தான் மேடம்."

"சத்தியமா நான் பண்ணல. அவளைப் போய் நான் எதுக்கு... அது நிலா வெளிச்சம்! மேலே நிலா வரைஞ்சேன் இல்ல?"

பெலிக்ஸ் ரீப்ளேயைப் பின்னால் இழுத்தார்.

"நிலா முப்பத்தெட்டாம் நாள்தான் வருது. கன்னத்துல முதல்ல கை வெச்சது ஆறாம் நாள்."

"எத்தனை தடவை?"

"இருபது வரைக்கும் எண்ணினேன்."

மரகதவல்லி பொய் சொல்லவில்லை. கொடுமையே அதுதான். கை செய்துகொண்டே இருந்ததைக் கண் ஒருநாளும் பார்க்கவில்லை.

பெலிக்ஸ் ஓரத்தில் இருந்த நிறங்களின் வரிசையைத் திறந்தார். மரகதவல்லி வங்கிக்காரர் ஆயிற்றே, தான் கலந்த நிறத்துக்கெல்லாம் பெயர் எழுதி வைத்திருந்தார். மேகம் ஒன்று. யாளிச் சிறகு. முதல் கட்டத்தில் அடர்ந்த பழுப்பு, அதன் கீழே 'இலக்கியா'.

"படத்துல எங்க விரலை வெச்சாலும் அது எந்த நிறம்னு காட்டும் இல்லையா? ராணி கன்னத்துல வைங்க."

வைத்தார். பெயர் எதுவும் வரவில்லை. வெறும் எண் வந்தது.

"இப்ப அரக்கன் மேல."

மரகதவல்லி அரக்கனின் மார்பில் விரலை வைத்தார்.

இலக்கியா, என்று வந்தது.

விரலைச் சுட்டுக்கொண்டவர்போல எடுத்தார். தோளில் வைத்தார். இலக்கியா. கோரைப் பல்லுக்கு மேலே, அந்த வீங்கிய கன்னத்தில் வைத்தார். இலக்கியா.

"ஐயோ" என்றார்.

கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அவ இங்கதான் சார் விரலை வெச்சா" என்றார் மரகதவல்லி. "இந்த அரக்கன் மேல விரலை வெச்சுத்தான் 'யாரும்மா இது'ன்னு கேட்டா. நான் ராணியைக் கேக்கறான்னு நினைச்சுக்கிட்டு, 'நீதான்டி'ன்னு சொன்னேன்."

பெலிக்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குருவாக இருந்தாலும் சில சமயம் அதற்குமேல் பார்க்க முடிவதில்லை.

சட்டென்று மரகதவல்லி டேப்லெட்டின் பேனாவான ஸ்டைலஸை எடுத்தார்.

"இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு. ராணிக்கு இந்த நிறத்தைக் கொடுத்துடறேன். அரக்கனுக்கு வேற போடறேன். ஏதாவது பச்சை. திரும்ப பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினா சமாதானம் ஆயிடுவா, இல்ல சார்?"

"பண்ணலாம் மேடம். ஆறாம் நாளுக்குப் போயி, அதுக்கப்புறம் கன்னத்துல பூசினதை மொத்தமா எடுத்துடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்போ பண்ணிடலாம்."

"இது படத்துல. வீட்ல இலக்கியா கன்னத்துல முதல்ல கை வெச்சது எந்த நாள்?"

மரகதவல்லி வாயைத் திறந்தார். வேலைக்கான இன்டர்வியூ அன்று தானே பூசிவிட்ட கிரீம் நினைவுக்கு வந்தது. பத்தாம் வகுப்பு போட்டோவுக்காக அப்பிய பவுடர். வெயிலில் விளையாடக் கூடாது என்று பூட்டிவைத்த கோடை விடுமுறைகள். அதற்கும் முன்னால் பாலாடை, கடலைமாவு.

"பிறந்து பதினோராம் நாள் சார்" என்றார். "குளிப்பாட்டும்போது. நிறம் வரும்னு சொன்னாங்க. அழ அழ தேய்ச்சேன்."

பெலிக்ஸ் எழுந்தார். அவர் கையிலிருந்த ஸ்டைலஸை மெல்ல வாங்கிக்கொண்டு, டேப்லெட்டை அணைத்தார்.

"இதை இங்கேயே வெச்சுட்டுப் போங்க மேடம். பஸ் ஏழு மணிக்குத்தானே?"