கன்னியப்பன் தின்ற காற்று

தன்னைவிடப் பத்து வயது இளையவரான தமயந்தியிடம்தான் எபநேசர் சுரங்கத்தில் காற்று பார்க்கும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார். ‘டீச்சர்’ என்று வாய் நிறையக் கூப்பிடுவார். கூச்சமெல்லாம் டீச்சருக்குத்தான்.

அன்று தமயந்தி கீழே இறங்கியபோது லிஃப்டுக்குப் பக்கத்தில், பாறை வெட்டும் தொழிலாளி கன்னியப்பன் தனியாக நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது.

பாறை வெட்டும் இடத்தில் எபநேசர் ஆக்சிஜன் மீட்டரும் கையுமாக ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் குழாய், சூடான பாறைமேல் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தது.

“கன்னியப்பனை ஏண்ணே அனுப்பினீங்க?”

“ஆக்சிஜன் குறையுது டீச்சர். அவருக்கு எப்பவும் மூச்சு வாங்குது. நாலு ஆள் காத்தை ஒரே ஆள் தின்னுடறார். இனிமே கீழே இறக்காதீங்கன்னு ஆபீசுல சொல்லப்போறேன்.”

“சொல்லிட்டா அவர் பொழப்பு?”

எபநேசர் மீட்டரைத் தட்டிப் பார்த்தார். ஈரமில்லாத மனிதர் அல்ல அவர். சூட்டில் ஆட்கள் துவள்வதைப் பார்க்கப் பொறுக்காமல் காலையில் குழாயைத் திறந்துவிட்டவரே அவர்தான்.

“அவர் போனதும் மீட்டர் ஏறிச்சா?”

“இல்லை.”

“மத்தவங்களையும் வெளியே நிக்கச் சொல்லுங்க.”

எல்லோரும் போனார்கள். இருவரும் காத்திருந்தார்கள். மீட்டர் அசையவில்லை.

“அப்ப யார்தான் தின்னது?”

தமயந்தி ஒரு தண்ணீர்க் கேனைத் தூக்கிப் பலகையில் வைத்தார். பிறகு அதை எபநேசர் உட்கார்ந்திருந்த பக்கமாகத் தள்ளினார். இன்னும் தள்ளினார். எபநேசர் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் எழுந்தே நின்றுவிட்டார்.

“பலகையில உங்களைக் காணோமே அண்ணே. யார் தின்னுட்டாங்க?”

எபநேசர் சிரித்தார். பிறகு கேனைப் பார்த்தார். பாறையிலிருந்து எழுந்துகொண்டே இருந்த ஆவியைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. காற்றில் அந்த ஆவி பிடித்துக்கொண்டது ஆக்சிஜனின் இடத்தை என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

ஓடிப்போய்க் குழாயை மூடினார். மின்விசிறி மேலிருந்து உலர்ந்த காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தது. மெல்ல மெல்லப் புழுக்கம் விலகியது. மீட்டரும் ஏறத் தொடங்கியது.

“ஏறுது டீச்சர்!” அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “ஒரு ஆளை அனுப்பி கன்னியப்பனை வரச் சொல்லிடறேன்.”

தமயந்தி கேனைக் கீழே இறக்கி வைத்தார்.

“காலையில குழாயைத் திறக்க ஆளா அனுப்பினீங்க, அண்ணே? நீங்களேதானே போனீங்க?”