மண்டபத்தின் மூன்றாவது கல்

கல்மலைக் காட்டில், ஒரு சுனையின் கரையில், அந்தக் காலத்து ராஜா கட்டிய கல் மண்டபம் ஒன்று இருந்தது. ராஜா போய் எத்தனையோ காலம் ஆயிற்று. இப்போது மண்டபம் மிருகங்களுக்குத்தான்.

மழை இல்லாத மாலைகளில் அவை எல்லாம் அங்கே கூடும். தவளைகள் சுருதி போடும். முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்த்துத் தாளம் போடும். மயில் ஆடும். நரி பாடும். வெளியே பாடினால் அதை ஊளை என்பார்கள். மண்டபத்துக்குள் மட்டும் அது பாட்டு! இன்னொரு வழக்கமும் உண்டு. மண்டபத்துக்குள் யாரும் யாரையும் தொடக் கூடாது. சிறுத்தைக்குப் பக்கத்திலேயே முயல் உட்கார்ந்து தலையாட்டும்.

மண்டபத்தைக் கூட்டிப் பெருக்குவது செம்பி என்ற கீரி. யாருக்கு அடுத்து யார் பாடுவது என்று சொல்வதும் அதுதான். தெய்வ பக்தி உள்ள கீரி. தினமும் தன் வளை வாசலில் நின்று சூரியனைக் கும்பிட்டுவிட்டுத்தான் வாயில் எதையும் வைக்கும்.

ஒரு நாள் காலையில் பெரிய கொம்பன் யானை வந்து எல்லாரையும் கூப்பிட்டது.

"கிழக்குத் தூண் சாயுது, பார்த்தீங்களா? தூணுக்கு அடியில முட்டுக் கொடுத்த மூணு கல்லைக் காணோம். கூரைக்கல் விழுந்தா குட்டிகள் நசுங்கிப் போகும். நாளைக்கு உச்சி வெயிலுக்குள்ள அந்த மூணு கல்லும் வரணும். வரலேன்னா யானைங்க நாங்களே மண்டபத்தைத் தள்ளிடுவோம்!"

"வேற கல் வெச்சா ஆகாதா, பெரியவரே?" என்று முயல் மெதுவாகக் கேட்டது.

"ஆகாது! அது அளந்து செதுக்கின கல். வேற கல் நழுவிடும்."

செம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு படியில் தாவி ஏறி நின்றது.

"எந்தப் பாவி எடுத்தது? நாம எல்லாரும் பாடற இடத்துல கை வைக்க எப்படி மனசு வந்தது? அவங்க வீடு விளங்குமா? அவங்களுக்கு வெட்கம்னு ஒண்ணு..."

அதோடு நின்றுவிட்டது. அப்போதுதான் அதற்கு ஞாபகம் வந்தது.

மூன்று மழைக்காலத்துக்கு முன்னால் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. குட்டிகள் அப்போது கண் திறக்கவில்லை. பதறி ஓடி வந்த செம்பி, தூணடியில் ஆடிக்கொண்டிருந்த ஒரு கல்லை இழுத்துப் போய் வாசலில் அடைத்தது. மழை விட்டதும் திருப்பி வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தது. மழை விட்டது. குட்டிகள் வளர்ந்து தனி வளை பார்த்துக்கொண்டு போயும்விட்டன. கல் மட்டும் வாசலிலேயே கிடந்தது.

"சரியாச் சொன்னே அக்கா!" என்றது முள்ளம்பன்றி. அதன் குரலில் சுரத்தே இல்லை.

"செம்பியே வீடு வீடாப் போய்ப் பார்க்கட்டும்! அதைவிட யோக்கியம் இங்க யாரு?" என்றது மயில்.

எல்லாம் ஆமாம் போட்டன. செம்பி தேடுவதற்குப் புறப்பட்டது.

முயலின் பொந்தில் ஒரு கல் கிடைத்தது. "குட்டிகள் உட்கார்ந்து விளையாட எடுத்தேன் அக்கா. தப்புதான்" என்று முயல் அழுதது. முள்ளம்பன்றி கேட்பதற்கு முன்பே தன் கல்லைப் புதருக்குள்ளிருந்து உருட்டிக்கொண்டு வந்தது. "இனிமே இப்படிச் செய்யாதீங்க" என்று இரண்டுக்கும் புத்தி சொன்னது செம்பி.

மறுநாள் காலை. மண்டபத்து வாசலில் இரண்டு கற்கள் கிடந்தன.

"மூணாவது?" என்றது கொம்பன்.

"கிடைக்கலை" என்றது செம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"வேற யாரு? நரிதான்!" என்றது மயில். "அதுக்குப் பொழைப்பே அதுதானே!"

"நான் எடுக்கலை!" என்றது நரி. "என் குகையை வந்து பாருங்க!"

"எங்க புதைச்சியோ! செம்பி, நீ சொல்லு, அந்தக் குகையைப் பார்த்தியா?" என்றது மயில்.

"பார்த்தேன்" என்றது செம்பி. அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. சொல்லவில்லை.

"வாய் திறக்க முடியலை பாரு! அவ்வளவு வேதனை அதுக்கு!" என்றது மயில். "போ நரியாரே, வெளியே போய் ஊளையிடு!"

நரியின் இரண்டு குட்டிகளும் அப்பன் முகத்தை நிமிர்ந்து பார்த்தன. நரி வாலைக் கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு நடந்தது. குட்டிகள் அதன் பக்கத்தில் வராமல் ரொம்ப தூரம் தள்ளியே நடந்தன.

செம்பி தன் வளைக்கு ஓடியது. "ஆண்டவனே, மண்டபத்தைக் காப்பாத்து!" என்று கும்பிடக் கையெடுத்தது. கீழே பார்த்தது. அந்தக் கல்லின் மேல்தான் அது நின்றுகொண்டிருந்தது. இத்தனை நாளும் அதன் மேல் நின்றுதான் கும்பிட்டிருக்கிறது!

கூப்பிய கை தானாக இறங்கியது.

கல்லைப் பெயர்த்தது. முதுகால் முட்டித் தள்ளியது. உச்சி வெயில் ஏறிக்கொண்டே வந்தது. யானைகள் தூணில் நெற்றியை வைத்த நேரத்தில், புழுதியும் வியர்வையுமாகச் செம்பி வந்து சேர்ந்தது.

"நிறுத்துங்க! கல் இந்தா இருக்கு! எடுத்தது நான்தான்!"

எல்லாம் இரண்டடி பின்வாங்கின. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அதற்கு. முயல் மட்டும் செம்பியை ஒரு தரம் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கொம்பன் தூணை முட்டி நிமிர்த்தியது. மற்ற யானைகள் மூன்று கற்களையும் அடியில் முட்டுக் கொடுத்தன. தூண் அசையவில்லை. மண்டபம் பிழைத்தது.

செம்பி அங்கே நிற்கவில்லை. நரியின் குகைக்குப் போனது.

"என்னை மன்னிச்சிடு அண்ணே. கல்லைத் திருப்பி வெச்சுட்டேன். வந்து பாடு."

நரி வெளியே வரவில்லை. உள்ளேயிருந்தே பேசியது.

"மண்டபத்துக்குக் கல்லைக் குடுத்துட்டே. சரி. காலையில என் பிள்ளைங்க என்னைப் பார்த்த பார்வையை என்ன பண்ணப் போறே?"

செம்பி புதர் ஓரத்தில் ஒதுங்கி உட்கார்ந்திருந்த குட்டிகளிடம் போய், அவற்றின் முன்னால் தலையைத் தரையில் வைத்தது.

"உங்க அப்பா திருடலை, கண்ணுங்களா. திருடினது நான். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு நின்னதும் நான்தான்."

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியது எழுந்து குகைக்குள் ஓடியது. பின்னாலேயே சின்னதும் ஓடியது.

செம்பி தரையிலிருந்து தலையை எடுக்கவில்லை.

எல்லாருக்கும் சொந்தமான இடத்திலிருந்து ஒரு சிறு கல்லை எடுத்தாலும் அது திருட்டுதான். அதை மறைக்க இன்னொருவர் மேல் பழி விழட்டும் என்று பேசாமல் நிற்பது அதைவிடப் பெரிய திருட்டு.