அறுநூறு சி.சி. வண்டியை நிறுத்திய கரடி

ஏழுமடிக் காட்டு மலையின் அடிவாரத்தில், குளக்கரையை ஒட்டி, ஒரு கரடி பட்டறை வைத்திருந்தது. அங்கே பந்தய மோட்டார் சைக்கிள்கள் தயாராயின. நூற்றைம்பது சி.சி., அறுநூறு சி.சி., ஆயிரம் சி.சி. என்று மூன்று வகை. முயலும் அணிலும் முதல் வகையை வாங்கின. யானையும் காட்டுப்பன்றியும் கடைசி வகையை வாங்கின. நடு வகையை வாங்கியவர்கள் யார் என்று கரடிக்குச் சரியாக நினைவில்லை. அவர்கள் வாங்கியதும் ஏறிப் போய்விடுவார்கள். திரும்பி வந்து நின்று பேச அவர்களுக்கு நேரம் இருந்ததில்லை.

அப்படிப் போனவர்களில் ஒன்று கீரி. அது விஷக்கடி வைத்தியம் பார்த்தது. மலை உச்சியில் மிளா மான்களின் குடியிருப்பு இருந்தது. அங்கே போய்ச் சேரப் பத்தொன்பது கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் பாறை அதிகம். பாறை இருக்கும் இடத்தில் விரியனும் இருக்கும். கடிபட்டவரிடம் அரை மணிக்குள் மருந்து போய்ச் சேர வேண்டும். கீரி, பின் இருக்கையில் மருந்து அரைக்கும் கல்வத்தையும் வேர் மூட்டையையும் கட்டிக்கொண்டு, அறுநூறில் ஏறி இருபத்திரண்டு நிமிடத்தில் உச்சிக்குப் போய்விடும். எட்டு வருடமாக அங்கே யாரும் விரியன் கடித்துச் சாகவில்லை. சாகாதவர்களைப் பற்றி ஊர் பேசுவதில்லை. அதனால் இந்தச் செய்தி கரடியின் காதுக்கு வரவே இல்லை.

மழை ஓய்ந்ததும் ஆண்டுதோறும் குளக்கரையில் வண்டிகளைக் காட்சிக்கு வைப்பார்கள். அதில் ஒரு வழக்கம் இருந்தது. காலையில் ஒவ்வொரு வண்டியின் மேலும் செம்மண் தூளைச் சலித்துத் தூவி வைப்பார்கள். வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். மாலையில் எந்த வண்டியில் அதிகத் தடம் பதிந்திருக்கிறதோ, அடுத்த ஆண்டு அந்த வகையை அதிகமாகச் செய்வார்கள். காடு தன் கையாலேயே ஆசையைச் சொல்லிவிடுகிறது என்பது பட்டறையின் பெருமை.

அந்த ஆண்டு கரடி புதிதாக ஓர் ஆலோசகரை வைத்துக்கொண்டது. அது ஓர் ஓணான். கரடி என்ன சொன்னாலும் அது தலையை ஆட்டியது. இவ்வளவு அறிவுள்ள பிராணியை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்துவிட்டோமே என்று கரடிக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

காட்சி அன்று ஆயிரம் சி.சி. வண்டியைச் சுற்றி நிற்க இடமில்லை. மயில் அதன் பெட்ரோல் டாங்கில் தன் கழுத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. யானை தும்பிக்கையால் தடவியது. ஏற்கெனவே ஒன்று வைத்திருந்த காட்டுப்பன்றி, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தது.

"இதுல முதல் கியர்லயே மணிக்கு நூத்தம்பது கிலோமீட்டர் போகும், தெரியுமா?"

"நீங்க போயிருக்கீங்களா, மாமா?" என்று ஒரு முயல் கேட்டது.

"நான் எதுக்குப் போகணும்? போகும்ல. அதுதான் விஷயம்."

உண்மையில் அந்தக் காட்டில் இரண்டு பர்லாங்குக்கு மேல் நேரான சாலையே கிடையாது. பன்றி காலையில் வண்டியைக் கிளப்பும். ஐந்து நிமிடம் உறுமவிடும். அக்கம்பக்கம் எழுந்துகொண்டதும் அணைத்துவிட்டு, துடைத்து, தார்ப்பாயால் மூடிவிடும். யானை தன் வண்டியில் வீட்டிலிருந்து குளம்வரை வரும். அதுவும் சாலையில் வேடிக்கை பார்க்க ஆள் இருக்கிற நாளில் மட்டும்.

மாலையில் தடங்களை எண்ணினார்கள். ஆயிரத்தின் மேல் நானூற்றுப் பன்னிரண்டு. நூற்றைம்பதின் மேல் நூற்று முப்பது. அறுநூறின் மேல் ஏழு. அந்த ஏழில் நான்கு, வழியில் சங்கிலிக்கு எண்ணெய் வாங்க வந்து, ஒரு நொடி தாவி ஏறி இறங்கிப் போன கீரியுடையவை.

கரடி தாடையைச் சொறிந்தது. "நடுவுல இருக்கிறதை யாருமே சீண்டலையேப்பா" என்றது.

"நடுவுல இருக்கிறதை யாரும் கனவுல காண்றதில்லை, முதலாளி. பெருசா இருந்தா வாயைப் பிளப்பாங்க. சின்னதா இருந்தா வாங்கிப்பாங்க. நடுவுல இருந்தா என்ன செய்வாங்க?" என்று ஓணான் தலையை ஆட்டியது.

"ஓட்டுவாங்க" என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. சொல்லக்கூடியவர்கள் எல்லாம் சாலையில் இருந்தார்கள்.

அறுநூறு செய்வது நின்றது. அதன் வார்ப்பு அச்சுகளை உருக்கி ஆயிரத்துக்கு இன்னும் பெரிய அச்சு வார்த்தார்கள். உதிரி பாகங்களும் அதே உலைக்குள் போயின.

நான்கு மாதம் கழித்துக் கீரி தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பட்டறைக்கு வந்தது. எட்டு வருடம் மலை ஏறிய என்ஜின், பிஸ்டன் தேய்ந்து, புகை கக்கியது. மாற்றுவதற்குப் பிஸ்டன் இல்லை என்றார்கள். அப்படியானால் புதிதாகவே ஓர் அறுநூறு வேண்டும் என்றது கீரி. அதுவும் இல்லை என்றார்கள்.

கரடி நல்ல மனது உள்ளதுதான். வைத்தியரை வெறுங்கையோடு அனுப்ப அதற்கு விருப்பமில்லை. ஆயிரத்தைக் காட்டி, கைப்பிடியில் இருந்த ஒரு பச்சைப் பொத்தானைத் தொட்டது.

"இதை அமுக்கினா என்ஜினோட பாதி மூச்சு அடங்கிடும், வைத்தியரம்மா. ஆயிரம், அறுநூறு மாதிரி சாதுவா ஆயிடும்."

கீரி வண்டியைச் சுற்றி ஒரு முறை வந்தது. "எடையும் பாதியா ஆயிடுமா, அண்ணே?"

கரடி ஓணானைப் பார்த்தது. ஓணான் வழக்கம்போலத் தலையை ஆட்டிவிட்டு, கேள்வி என்னவென்று பிறகு நினைத்துப் பார்த்து, ஆட்டுவதை நிறுத்தியது.

கீரி அதை ஓட்டியும் பார்த்தது. கால் தரையில் எட்டவில்லை. இரண்டாவது வளைவில் என்ஜின் கொதித்துத் தொடையைச் சுட்டது. மூன்றாவது வளைவில் வண்டி திரும்புவதற்குள் சாலை முடிந்துவிட்டது. கல்வத்தோடு சேர்ந்து உண்ணிச்செடிப் புதரில் விழுந்து எழுந்த கீரி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கீழே வந்து சேர்ந்தது.

பிறகு நூற்றைம்பதைக் கொடுத்தார்கள். ஓணானின் யோசனைப்படி அதன் முன்பக்கத்தில் இப்போது புலி முகம் வைத்த பெரிய பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தார்கள். பின் சக்கரம் ஆயிரத்துடையதைப் போலவே அகலம். நின்றிருக்கும்போது அதைப் பார்த்துப் பயப்படாதவர் இல்லை. கிளம்பியதும் முயலின் தும்மல் போல ஒரு சத்தம் வரும்.

"கல்வத்தை வச்சுக்கிட்டு இது மலை ஏறுமா?" என்று கீரி கேட்டது.

"முகத்தைப் பாருங்க, ஏறாம இருக்குமா?" என்றது ஓணான்.

வேறு வழியில்லாமல் கீரி அதை வாங்கிக்கொண்டது. எங்காவது ஒரு பழைய அறுநூறு கிடைக்குமா என்று வழியில் கண்டவர்களிடமெல்லாம் விசாரித்தும் வைத்தது. வைத்திருந்தவர்கள் யாரும் விற்கத் தயாராக இல்லை.

அடுத்த காட்சிக்கு முன்பே, ஆயிரமும் போதாது என்று ஆகிவிட்டது. யானை, பன்றி, காட்டெருமை மூன்றிடமும் ஆயிரம் இருந்தால் யார் பெரியவர் என்று எப்படித் தெரியும்? கரடி ஆயிரத்து இருநூறு சி.சி.யில் ஒன்று கட்டியது. மலை உச்சிக்கு அதைத் தானே ஓட்டிக் காட்டுவதாக அறிவித்தது. ஓணான் பின் இருக்கையில் உட்கார்ந்து, வழியில் நின்றவர்களுக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே போனது.

பதினான்காவது வளைவில் வண்டி திரும்பவில்லை. மெதுவாக, ஒரு பெரிய வீடு சரிவதுபோல், பக்கவாட்டில் சாய்ந்தது. அடிபட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் வண்டியின் கீழே கரடியின் இடது கால் மாட்டிக்கொண்டது. அதை இழுக்கக் கரடி உதைத்த உதை, பாறை ஓரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்த கண்ணாடி விரியன் மேல் பட்டது. விரியன் கடித்தது.

"உதைச்சீங்க, கடிச்சேன். இதுல சொந்தப் பகை ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு அது பாறைக்குள் போய்விட்டது.

மேலே பறந்த காக்கை நேராகக் கீரியின் வீட்டுக்கு வந்து சொன்னது. கீரி அடுத்த நொடியே கல்வத்தைக் கட்டியது, மூட்டையைக் கட்டியது, புலி முகத்தின் மேல் ஏறியது. முதல் மூன்று வளைவு வண்டி ஓடியது. நான்காவதில் இருமியது. எதிர்க்காற்று அந்தப் பெரிய முகத்தில் மோதிப் பின்னால் தள்ளியது. ஆறாவது வளைவில் கிளட்ச் கருகிய நாற்றம் வந்தது. வண்டி நின்றுவிட்டது. புலி முகம் மட்டும் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

கீரி வண்டியை ஓரத்தில் சாய்த்தது. கல்வத்தை முதுகில் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியது. கல்வம் கருங்கல். கீரியின் எடையில் பாதி இருக்கும். இன்னும் எட்டு வளைவுகள் இருந்தன.

அது போய்ச் சேர்ந்தபோது ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வழியில் வந்த மிளாக்கள் வண்டியைத் தூக்கிக் கரடியை இழுத்துப் போட்டிருந்தன. கரடியின் கால் இடுப்புவரை வீங்கிக் கறுத்திருந்தது. மிளாக் குட்டியாக இருந்திருந்தால் எப்போதோ முடிந்திருக்கும். கரடியின் உடம்பு பெரியது, விஷம் அதில் அலைந்து திரிய நேரம் எடுத்தது. அந்த நேரம்தான் அதைக் காப்பாற்றியது. கீரி மூச்சு வாங்கியபடியே வேரை அரைத்தது, பூசியது, புகட்டியது. அதன் முதுகில் கல்வம் உரசி ரோமம் போன இடத்தில் ரத்தம் கசிந்தது.

கரடி கண் திறந்ததும் முதலில் கோபித்துக்கொண்டது.

"ஏன் இவ்வளவு நேரம், வைத்தியரம்மா? போன வருஷம் மிளாக் குட்டிக்கு அரை மணிக்குள்ள வந்துட்டீங்களாம். உங்களுக்காகக் காத்திருந்தப்ப இவங்க சொன்னாங்க."

"அப்ப அறுநூறு இருந்தது, அண்ணே. இன்னைக்கு நீங்க கட்டிக்கொடுத்ததுலதான் வந்தேன்."

கரடி கீரியின் முதுகில் கசிந்த ரத்தத்தைப் பார்த்தது. ஓணான், ஆயிரத்து இருநூறு சி.சி.யின் வேகத்தைக் கண்டு விரியனே வெகுண்டது என்று விளம்பரப் பலகை எழுதலாமா என்று மெல்லக் கேட்டது. கரடி அதைப் பார்த்த பார்வையில், அது வாழ்நாளில் முதல் முறையாகத் தலையைப் பக்கவாட்டில் ஆட்டியது.

உயிர் தங்கியது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. கியர் மாற்றுவது இடது காலால்தான். இனிமேல் கரடி எந்த வண்டியும் ஓட்ட முடியாது.

ஓணான் அடுத்த மலையில் ஆயிரத்து நானூறு கட்டத் தொடங்கியிருந்த ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனது. கரடி ஆயிரத்து இருநூறை உலையில் போட்டு, அறுநூறுக்கு மறுபடி அச்சு வார்த்தது. முதல் வண்டியைக் கீரிக்குக் கொடுத்தது. மொத்தம் ஒன்பது செய்தது. ஒன்பதையும் வாங்கியவர்கள் அன்றே ஏறிப் போய்விட்டார்கள். குளக்கரையில் அதைப் பார்க்கக் கூட்டம் எதுவும் கூடவில்லை. பன்றி ஒருநாள் வந்து, பட்டறை நொடித்துப்போய்விட்டதா என்று அனுதாபத்தோடு விசாரித்துவிட்டுப் போனது.

இப்போதெல்லாம் மலைப்பாதையில் அறுநூறின் சத்தம் கேட்டால் கரடி சுத்தியலைக் கீழே வைத்துவிடுகிறது. சத்தம் ஒவ்வொரு வளைவிலும் தாழ்ந்து, மறுபடி எழுந்து, எங்கும் நிற்காமல் மேலே போய்க் கரையும். அதுவரை கரடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பார்த்து வியக்கும் பலருக்காகவே பொருள் செய்கிறவன், உண்மையிலேயே பயன்படும் பொருள் தேவைப்படும் சிலரில் தானும் ஒருநாள் ஒருவனாவான்.