அடுப்படிக் கதவு

கடலுக்கு அடியில் போகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் ஜெனோவாவிடம் முதலில் கேட்பது ஒன்றுதான். "சுறா இருக்குமா?" கித்தேரியான் அதைக் கேட்கவில்லை.

"அன்னை ஸ்தெல்லாவுக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க, மாஸ்டர்?" என்றார்.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. ஜெனோவாவுக்கு முப்பத்திரண்டு. மகள் வயசுப் பெண்ணை மாஸ்டர் என்று கூப்பிட அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. தண்ணீருக்கு மேலேதான் தன் பவிசெல்லாம், கீழே போனால் தான் ஒன்றாம் வகுப்பு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்னை ஸ்தெல்லா ஒரு சின்னச் சரக்குக் கப்பல். தூத்துக்குடியிலிருந்து வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வந்தது. கித்தேரியான்தான் அதன் தண்டல். கப்பலை நடத்துகிறவரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கரையை விட்டு இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, காற்றில் மாட்டி மூழ்கியது. எட்டுப் பேரில் ஏழு பேர் கரை சேர்ந்தார்கள். சமையல்காரர் இக்னாசி சேரவில்லை.

எல்லாருக்கும் சாயா போடுகிறேன் என்று அவர் அடுப்படிக்குள் போனதை மற்றவர்கள் பார்த்தார்கள். வெளியே வந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கப்பல் கிடந்த இடமே தெரியாமல் இருந்தது. போன வருஷம் ஒரு மீனவரின் வலை சிக்கியபோதுதான், அது இருபத்துநாலு மீட்டர் ஆழத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பது தெரியவந்தது.

அன்றிலிருந்து கித்தேரியானுக்குச் சோறு இறங்கவில்லை.

"அங்க உங்களுக்கு என்ன வேணும், அண்ணாச்சி?" என்று ஜெனோவா கேட்டாள்.

"காத்து கெளம்பிட்டுன்னா தண்டல் ஒரு சுத்து வரணும். ஒவ்வொரு கதவுலயும் மூணு தட்டுத் தட்டி, உள்ள ஆளு உண்டான்னு கொரல் குடுக்கணும். பதில் இல்லன்னா வெளியத் தாழ் போட்டுரணும். ஆடுத கப்பல்ல தொறந்து கெடக்க கதவு ஆளையே வெட்டிப்போடும். அன்னைக்கும் சுத்து வந்தேன். எல்லாக் கதவும் ஞாபகம் இருக்கு. அடுப்படிக் கதவு மட்டும் இல்ல."

"தாழ் போட்டிருந்தா?"

"அவன் வெளிய வந்திருக்க முடியாது. கொன்னது நாந்தான்னு ஆயிரும்."

"நான் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லட்டுமா?"

"வேண்டாம். நாந்தான் பாக்கணும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கு நீச்சல் குளத்துக்கு வரச் சொன்னாள். அவர் ஐந்தேகாலுக்கே வந்து, பூட்டின கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்.

நாற்பது வருஷம் கடலோடு குடித்தனம் நடத்திய மனிதர், நெஞ்சளவு நீச்சல் குளத்தில் பட்ட பாட்டைச் சொன்னால் தண்டல்மார் யாரும் என்னோடு பேச மாட்டார்கள். முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் பிள்ளை மாதிரி எழுந்து நின்றுவிடுவார். மற்றவர்களுக்கு முக்கால் மணி நேரம் வரும் சிலிண்டர் அவருக்கு இருபது நிமிஷம்கூட வரவில்லை. காற்றை அப்படி அள்ளி அள்ளிக் குடித்தார். கூடப் படித்த கல்லூரிப் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு, மறுநாளும் ஐந்தேகாலுக்கு வந்து நின்றார்.

மூச்சை நிதானமாக இழுக்கவும், நிதானமாக விடவும் கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஆனது. அதற்குமேல் ஜெனோவா சொல்லிக்கொடுத்த பாடம், சிலிண்டரில் காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் அளவுமானியின் ஊசியைப் பார்ப்பது ஒன்றுதான்.

"சிலிண்டர்ல எவ்வளவு?"

"இருநூறு."

"ஊசி நூத்தி இருபதுக்கு வந்தா?"

"திரும்பணும்."

"என் ஊசி முதல்ல வந்தா?"

"ரெண்டு பேரும் திரும்பணும்."

"எதிர்ல என்ன இருந்தாலும்?"

"ஆமா, மாஸ்டர். திரும்பணும்." இதைச் சொல்லும்போது மட்டும் அவர் வேறெங்கோ பார்ப்பார். ஜெனோவா அதைக் கவனித்தாள்.

ஒரு வழியாகக் கப்பலுக்குப் போனார்கள். மிதவையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். முதல் நாள், பாய்மரக் கம்பம் மாதிரி நின்ற பாரந்தூக்கியைத் தொட்டபோதே ஊசி நூற்றி இருபது. திரும்பினார்கள். இரண்டாம் நாள் மேல்தட்டு வரைக்கும் போனார்கள். தன் கப்பலின் பலகையில், தான் நின்று சுக்கான் பிடித்த இடத்தில், கல்மீன் ஒன்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருப்பதை அவர் பார்த்தார். திரும்பினார்கள்.

மூன்றாம் நாள், பின்பக்க அறைகளுக்குப் போகும் ஒடுக்கமான வழியின் வாய்க்கு வந்தார்கள். டார்ச்சை அடித்தார். வழியின் கோடியில், வலது பக்கம், அடுப்படிக் கதவு. மூன்று ஆள் நீளம்தான் இருக்கும்.

ஜெனோவா திரும்பச் சொல்லிக் கை காட்டினாள். ஊசி நூற்றி இருபதில் நின்றது. அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், காலை உதைத்து முன்னால் பாய்ந்தார். அவள் அவருடைய சிலிண்டரைப் பின்னாலிருந்து பிடித்து, சண்டைக்கு வந்த காளையை இழுப்பதுபோல் வெளியே இழுத்துவந்தாள்.

படகில் ஏறியதும் அவர் முகக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் வீசினார்.

"மூணு ஆள் தூரம், மாஸ்டர்! என்ன கொறஞ்சு போயிரும்? காத்து இருந்துதுல்லா?"

"இருந்துது."

"பெறகு எதுக்கு இழுத்தீங்க? என்னைய வச்சு வெளையாடுதீங்களா? எப்பதான் அந்தக் கதவுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?"

ஜெனோவா தலைமுடியிலிருந்து தண்ணீரைப் பிழிந்தாள். பிறகு சொன்னாள்.

"நாளைக்கு நீங்க மாஸ்டர். நான் படிக்க வந்தவ. என்னைக் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வாங்க."

"இதென்ன கூத்து?"

"கூத்துதான். வாறீங்களா, இல்லையா?"

கதவுக்குப் போகலாம் என்றால் அவர் தலைகீழாக நடக்கவும் தயார். சரி என்றார்.

மறுநாள் அவரே முன்னால் இறங்கினார். மாஸ்டர் வேலை மனிதரை மாற்றிவிடத்தான் செய்கிறது. இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை திரும்பி, பெண் பிள்ளை வருகிறாளா என்று பார்த்துக்கொண்டார். அவளுக்கு எல்லாம் சரியா என்று கையால் கேட்டார். வழக்கத்தைவிட அவருடைய காற்று குறைவாகத்தான் செலவாயிற்று.

ஒடுக்கமான வழிக்குள் நுழைந்தார்கள். கதவு இரண்டு கை தூரத்தில் வந்துவிட்டது. தாழ்ப்பாள் இருக்கும் இடத்தில் பாசியும் சிப்பியும் மூடியிருந்தன. துடைத்தால் தெரிந்துவிடும். அவருடைய ஊசி நூற்றி நாற்பதில் இருந்தது.

வழக்கப்படி அவளிடம் காற்று எவ்வளவு என்று கையால் கேட்டார். அவள் விரல்களால் காட்டினாள். நூற்றி இருபது.

அவர் ஒரு கணம் நின்றார். திரும்பச் சொல்லிக் கை காட்டினார். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டியவள், இடது பக்கம் இயந்திர அறைக்கு இறங்கும் இருட்டு ஓட்டைக்குள் தலையைக் கொடுத்து, இறங்கத் தொடங்கினாள்.

வலது பக்கம் கதவு. இடது பக்கம் அவளுடைய காலில் மாட்டிய துடுப்புகள் இருட்டுக்குள் மறைந்துகொண்டிருந்தன. பத்து வருஷம் தூங்க விடாத கேள்விக்குப் பதில் கையை நீட்டினால் எட்டும். கித்தேரியான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் தோள் வரைக்கும் புகுந்து, அவள் கணுக்காலை இரண்டு கையாலும் பற்றி இழுத்தார். இழுத்தவர் விடவே இல்லை. கயிறு வரைக்கும் அப்படியே கொண்டுவந்தார்.

ஐந்து மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிஷம் நின்றுதான் மேலே வர வேண்டும். நெஞ்சு முட்டக் கோபம் இருந்தும் ஒரு வார்த்தை திட்ட வழியில்லாமல், குமிழி குமிழியாக விட்டுக்கொண்டு கயிற்றில் தொங்கினார். பாவம், அந்த மூன்று நிமிஷம் அவருக்கு மூன்று நாள்.

படகில் ஏறியதும் மாஸ்டர் மரியாதையெல்லாம் காற்றில் பறந்தது.

"ஏ பிள்ள, ஒனக்கு அறிவு கிறிவு இருக்கா? நூத்தி இருபதுன்னு நீதான காட்டுன? உள்ள ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா ஒங்க அம்மைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

ஜெனோவா தன் சிலிண்டரின் அளவுமானியை அவர் பக்கம் நீட்டினாள். மேலே வந்து சேர்ந்த பிறகும் அது நூற்றி முப்பதில் நின்றது.

"பொய் சொன்னியா?"

"ஆமா."

"எதுக்கு?"

"கதவு தாழ் போட்டிருந்துதா, அண்ணாச்சி?"

"பாக்கல."

"ரெண்டு கை தூரந்தான இருந்துது?"

அவர் கயிறு தண்ணீருக்குள் இறங்கிய இடத்தைப் பார்த்தார்.

"அந்தக் கதவுக்கு எப்படிப் போறதுன்னு நூறு வாட்டி கேட்டுட்டீங்க," என்றாள் ஜெனோவா. "அங்கேருந்து எப்படி வாறதுன்னு ஒரு வாட்டிகூடக் கேக்கல. எனக்குப் பயமா இருந்துது."

கித்தேரியான் தலையைக் குனிந்துகொண்டார். தாழ் போட்டிருந்தால் மேலே வருவதில்லை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. தன்னிடமே வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் நினைப்பு இருந்தது. அதை ஒரு பெண் வெயிலில் எடுத்துப் போட்டதும் அவருக்கு வெட்கமாக இருந்தது. பாரம் கொஞ்சம் குறைந்ததுபோலவும் இருந்தது.

"நாளைக்கு வாங்க," என்றாள். "கதவுக்குப் போவோம்."

மறுநாள் கடல் தெளிந்து கிடந்தது. இருவரும் அருகருகே இறங்கினார்கள். ஒடுக்கமான வழிக்குள் அவர் முன்னால் போனார். கதவின் முன் நின்று, கையுறையால் பாசியைத் துடைத்தார். சிப்பிகளைக் கத்தியால் நெம்பினார். ஜெனோவா டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இரும்பும் இரும்பும் துருப்பிடித்து ஒன்றாகியிருந்தன. தாழின் கைப்பிடி கீழ்நோக்கி மடங்கியிருந்தது. மற்றவர்கள் பக்கவாட்டில் விட்டுவிடுவார்கள். ஆட்டத்தில் கழன்றுவிடக் கூடாதென்று கீழே மடக்குகிறவர் அந்தக் கப்பலில் ஒருவர்தான் உண்டு.

கித்தேரியான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு விரல் முட்டியால் கதவைத் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. காதைக் கதவோடு வைத்து நின்றார்.

ஜெனோவா அவரைத் தொடவில்லை. அவளுடைய டார்ச் வெளிச்சம் மட்டும் ஆடியது.

கடைசியில் அவர் தன் ஊசியைப் பார்த்தார். அவள் பக்கம் திரும்பி, போகலாம் என்று கை காட்டினார்.

படகில் அவர் அழுதார். ஒளித்து மறைத்து அழவில்லை. படகோட்டி என்ஜினை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அழுது முடிக்க வெகு நேரம் ஆனது. யாரும் அவரைத் தேற்றவில்லை.

"நாந்தான், மாஸ்டர்," என்றார். "தட்டுனேனா, கொரல் குடுத்தேனா, அது இனிமே தெரியாது. தாழ் போட்டது நாந்தான்."

"ம்."

"இக்னாசி பெஞ்சாதி பிலோமி ஞாயித்துக்கெழம தோறும் கோயில்ல என்னையப் பாப்பா. 'சுகமா இருக்கியளா அண்ணே'ம்பா. பத்து வருசத்துல புருசனைப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

"பாத்தத."

"கேக்காதவகிட்டயா?"

படகு ஆடியது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கே போணும்," என்றார். "நாளைக்குன்னு விட்டா நான் போக மாட்டேன். என்னைய எனக்குத் தெரியும்."

படகோட்டி என்ஜினைக் கிளப்பினார். பாதி தூரம் வந்த பிறகு கித்தேரியான் மறுபடியும் வாயைத் திறந்தார். அப்போது அவர் குரல் சின்னதாகிவிட்டிருந்தது.

"மாஸ்டர், நீங்களும் கூட வாறீங்களா?"

"வாசல் வரைக்கும் வாறேன், அண்ணாச்சி," என்றாள் ஜெனோவா. "உள்ள நீங்கதான் போணும்."