பூவாயியின் வெள்ளைச் சோளம்

"தாயே, எந்தக் கதிர் உசத்தின்னு நீங்கதான் சொல்லணும்," என்றார் ஆண்டியப்பன்.

மனைவி பூவாயி இறந்தபின் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். மடத்தின் குருவை எல்லோரும் அம்மை என்பார்கள். ஆண்டியப்பனைவிட வயதில் இளையவர்.

மடத்துத் தோட்டத்தில் அவர் போட்ட மூன்று ரக மக்காச்சோளம் விளைந்திருந்தது. ஒருபுறம் கடையில் வாங்கிய மஞ்சள் வீரிய ரகம். மறுபுறம் இனிப்புச் சோளம். நடுவில் பூவாயி தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைச் சோளம். மிச்சமிருந்த விதை முழுவதையும் போட்டிருந்தார்.

எது ஜெயிக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை அம்மை வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

காய்ந்த பருத்திச் செடிக் குச்சிகளை எரித்துத் தணல் போட்டார். மஞ்சள் கதிரைச் சுட்டுக் கொடுத்தார்.

"பசி அடங்குது," என்றார் அம்மை.

அடுத்து இனிப்புச் சோளம்.

"இனிப்புக் குறைச்சல்தான். ஆனா நல்லாருக்கு."

"இருங்க தாயே. இனிமேதான் இருக்கு. தூறல் விழுந்தா பூவாயி கொல்லைக்கு ஓடுவா. மணியை நகத்தால கீறிப் பார்ப்பா. பால் தெறிச்சாத்தான் ஒடிப்பா. வெறுங்கையாலயே தணல்ல திருப்புவா. அந்த வாசனைக்குத் தெருவே எட்டிப் பார்க்கும்."

பேசிக்கொண்டே வெள்ளைக் கதிரின் தோகையை உரித்தார்.

கை நின்றது.

வெள்ளை மணிகளுக்கு நடுவே அங்கங்கே மஞ்சள் மணிகள். இன்னொரு கதிரை உரித்தார். அதிலும் அப்படியே. அடுத்ததிலும்.

ஆண்டியப்பன் தணலருகே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"காத்துல மகரந்தம் கலந்துடுச்சு தாயே. அதான் இனிப்புச் சோளத்துலயும் இனிப்புக் குறைஞ்சிருக்கு. 'இதைத் தனியாத் தள்ளி விதைங்க, பக்கத்துல வேற ரகம் ஆகாது'ன்னு அவ சொல்லிக்கிட்டே இருப்பா. பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தானே ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு நான் போட்டுட்டேன். விதை கெட்டுப்போச்சு. இனி எங்க போய்த் தேடுவேன்?"

அம்மை அந்தக் கதிரை வாங்கித் தணலில் வைத்தார். வெறுங்கையால் திருப்பத் தெரியவில்லை. விரலைச் சுட்டுக்கொண்டு, குச்சியால் திருப்பினார்.

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"ஒரே மக. துறையூர்ல கட்டிக் கொடுத்திருக்கு."

"யார் சாயல்?"

அந்த நிலையிலும் ஆண்டியப்பன் முகம் லேசாக மலர்ந்தது.

"கண்ணும் சிரிப்பும் அப்படியே அவ அம்மா. நெத்தியும் கோவமும் என்னுது."

அம்மை ஒரு மஞ்சள் மணியை உதிர்த்து வாயில் போட்டு மென்றார்.

"அப்போ, உங்க சாயலும் கலந்ததால மககிட்ட இருக்கிற பூவாயி சாயல் கெட்டுப்போச்சா?"