கடுகின் முகம்

கரட்டடி மடத்தில் குரு சின்னவர், சிஷ்யை பெரியவள்.

மாரப்ப சாமிக்கு நாற்பதுக்கு மேல் இருக்காது. பாவாயிக்குத் தலை முக்கால்வாசி நரைத்துவிட்டது. அவள் அவரைச் சாமி என்பாள், அவர் அவளை அக்கா என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

அடுப்படியும் நெல்லறையும் பாவாயி பொறுப்பு. வயலும் மாட்டுக்கொட்டிலும் சென்னியப்பன் பொறுப்பு. அவனும் சிஷ்யன்தான். ஆனால் ஞானத்தைவிட நெல்லின் மேல்தான் அவனுக்குக் கவலை அதிகம்.

ஒரு தடவை வைக்கோல்போரைப் பிரிக்கும்போது உள்ளே இருந்த எலிக்கூடு சரிந்து விழுந்தது. தாயை நாய் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. மூன்று குஞ்சுகள் மண்ணில் கிடந்து நெளிந்தன. கண் திறக்கவில்லை, உடம்பில் ஒரு முடி இல்லை. காக்காய் மேலே வட்டம் போட ஆரம்பித்தது. பாவாயி முந்தானையை விரித்து அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

விளக்குத் திரியை ஆட்டுப்பாலில் நனைத்து ஒவ்வொன்றின் வாயிலும் வைத்தாள்.

"பொழைக்காதுக்கா, விட்டுத் தள்ளுங்க" என்றான் சென்னியப்பன்.

மூன்றும் பிழைத்துக்கொண்டன.

அஞ்சறைப்பெட்டியைப் பார்த்துப் பேர் வைத்தாள். சீரகம், கடுகு, வெந்தயம்.

சீரகம் திருடன். எட்டினதை எல்லாம் இழுத்துக்கொண்டு போய் அடுப்புக்குப் பின்னால் குமித்து வைப்பான். சென்னியப்பனின் சுருட்டுகூட ஒருநாள் அங்கேதான் கிடைத்தது. வெந்தயம் சண்டைக்காரி. பாவாயியின் தோளில் ஏறி, காதோரத்து நரைமுடியைப் பல்லால் கோதி விடுவாள். போதும் இறங்கு என்றால் காதைக் கடிப்பாள். கடுகு சும்மா இருப்பாள். அவளைப் பற்றிச் சொல்ல அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

எலிக்கு ஆயுசு கொஞ்சம். முதலில் சீரகம் போனான், வயிற்றில் கட்டி. பிறகு ஒரு மழைக்காலத்தில் கடுகு. தூங்கினவள் எழுந்திருக்கவில்லை. கடைசியாக வெந்தயம். மூன்றையும் முருங்கை மரத்தடியில் புதைத்தாள். அழுதாளா என்று யாரும் பார்க்கவில்லை. அன்றைக்குச் சாம்பாரில் உப்பு இல்லை. சாமி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

மாதங்கள் போயின. ஒரு மத்தியானம் சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாவாயி முறத்தோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"சாமி, கடுகு முகம் போயிருச்சுங்க."

"எங்க போச்சு?"

"நெனச்சுப் பாத்தா வரமாட்டேங்குது. மத்த ரெண்டும் கண்ணை மூடினா வந்து நிக்குதுங்க. ஒருத்தன் திருடினான், ஒருத்தி கடிச்சா. இந்தப் பொண்ணு ஒரு தொந்தரவும் குடுக்கலை. அதனாலயே கரைஞ்சு போயிட்டா."

"ம்."

"மனுசன் செத்தா சொந்தம் இருக்கு, பந்தம் இருக்கு. நாலு பேர் சொல்லுவாங்க. இவளுக்கு என்னைய விட்டா யாருங்க? நானும் மறந்துட்டா, அப்படி ஒருத்தி இருந்தாங்கறதே இல்லாமப் போயிருமே. மறக்காம இருக்க ஒரு வழி சொல்லுங்க சாமி."

சாமி ஆய்ந்த கீரையை அவள் முறத்தில் தட்டினார். காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டு மாட்டுக்குப் போடப் போய்விட்டார்.

பாவாயி விடுகிற ஆள் இல்லை. அமாவாசை வந்தது. செத்துப்போன மாமியாருக்காகக் காக்காய்க்குச் சோறு வைத்தாள். காக்காய் வந்து எடுத்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒரு யோசனை தட்டியது.

அன்றைக்குச் சாயங்காலம் நெல்லறை மூலையில் ஒரு இலையை விரித்தாள். அரிசி புடைத்தால் விழுகிற நொய்யை மூன்று சின்னக் குவியலாக வைத்தாள். கடுகு வந்து சாப்பிட்டால் முகத்தைக் காட்டாமலா போவாள்?

விடிந்து பார்த்தால் இலை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பாவாயி மனசு நிறைந்துபோனது. தினமும் வைத்தாள், தினமும் காலியானது.

சென்னியப்பனுக்குத் தெரிந்துபோயிற்று.

"ஏனக்கா, எலிக்குத் தெவசமா? எங்க அப்பனுக்கே நான் ஒழுங்காக் குடுக்கறதில்லை."

"அதான் உங்கப்பன் ஒனக்குக் கனவுல வந்து ஒதைக்கறாரு. போய் மாட்டைப் பாரு."

"மாட்டை நான் பாக்கறேன். நெல்லு மூட்டை ஓரத்துல ஓட்டை விழுந்திருக்குது, அதை நீங்க பாருங்க."

அதை அவள் காதில் வாங்கவில்லை. அவள் கவலையெல்லாம் வேறு. தினமும் இலை காலியாகிறது, ஆனால் கடுகின் முகம் மட்டும் வந்தபாடில்லை.

ஒரு சாயங்காலம் இலை வைத்துவிட்டு வந்தவள், முறத்தை அங்கேயே விட்டுவிட்டோமே என்று திரும்பிப் போனாள். கதவைத் தள்ளினால், இலை மேல் ஒரு எலி உட்கார்ந்திருக்கிறது. அழுக்கு நிறம், வால் நுனி அறுந்து மொட்டையாக இருக்கிறது. பெரிய மனுசி மாதிரி இரண்டு கையாலும் நொய்யை அள்ளித் தின்றுகொண்டிருக்கிறது. பாவாயி விளக்குமாறை எடுப்பதற்குள் மூட்டைச் சந்தில் மறைந்துவிட்டது.

நேரே சாமியிடம் போனாள்.

"என் புள்ளைங்க பங்கை ஒரு களவாணி எலி தின்னுட்டுப் போவுதுங்க!"

"எலிக்கு வெச்சதை எலிதானே தின்னுது?"

"எந்த எலிக்கு வெச்சது, எந்த எலி தின்னுது?"

"அமாவாசைக்குக் காக்காய்க்கு வெக்கறீங்களே அக்கா, வர்ற காக்காயை நீ யாருன்னு கேப்பீங்களா?"

"கேக்க வேண்டாமுங்க. எங்க மாமியாரா இருந்தா கொத்தற கொத்துலயே தெரிஞ்சுரும்."

சாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாயிக்கு வரவில்லை.

"காக்காய்க்கு ஒரு ஏற்பாடு பெரியவங்க பண்ணி வெச்சிருக்காங்க. எலி செத்தா யாரா வரும்னு யாருங்க சொல்லி வெச்சிருக்காங்க? இந்தத் தடிச்சி நடுவுல உக்காந்து வழிமறிச்சு எல்லாத்தையும் தின்னுட்டுப் போறா. அதனாலதான் கடுகு வரலை. இப்பத்தானே வெளங்குது."

மடத்தில் ஒரு எலிக்கூண்டு உண்டு. அதில் விழுந்த எலியைக் கூண்டோடு கொண்டுபோய்க் கிணற்றடிக் கல்தொட்டியில் முக்கிவிடுவது பழைய வழக்கம். குஞ்சுகள் வந்த நாளிலிருந்து பாவாயி அந்தக் கூண்டைத் தொட்டதில்லை, சென்னியப்பனையும் தொடவிட்டதில்லை. இப்போது அவளே பரணில் ஏறி அதை இறக்கினாள். துருவைத் தட்டி, தேங்காய்ச் சில்லு ஒன்றை அடுப்பில் சுட்டுக் கொக்கியில் மாட்டினாள்.

சென்னியப்பன் பார்த்துக்கொண்டே நின்றான்.

"நல்ல காலம் பொறந்துருச்சு" என்றான்.

காலையில் கூண்டு மூடிக் கிடந்தது. உள்ளே அதே அழுக்கு நிறம், அதே மொட்டை வால்.

பாவாயி கூண்டைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. பக்கத்துத் துவைகல்லில் சாமி வேட்டி துவைத்துக்கொண்டிருந்தார்.

"அகப்பட்டுக்கிட்டாளா?" என்றார்.

"ஆமாங்க."

"அவதானா? நல்லாப் பாத்தீங்களா?"

"அவளேதானுங்க."

"ஒருவேளை உங்க மூணுல ஒண்ணா இருந்துட்டா? அவசரப்பட்டு முக்கிட்டா அப்பறம் என்ன பண்றது?"

பாவாயிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னங்க சாமி இப்படிக் கேக்கறீங்க? பெத்தாப்பல வளத்தவளுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியலையே. எலின்னா எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எப்படி அவங்க இல்லைன்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

பாவாயி கூண்டைத் தொட்டி மேட்டில் வைத்தாள். முன்னால் குந்தி உட்கார்ந்தாள். எலி ஒரு மூலையில் ஒடுங்கி இவளையே பார்த்தது.

"சீரகம் இல்லைங்க. சீரகமா இருந்தா இந்நேரம் கம்பியைக் கடிச்சே ஒரு வழி பண்ணியிருப்பான். அந்தத் தேங்காயை விட்டு வெச்சிருக்க மாட்டான். பாருங்க, இழுத்ததோட சரி, இவ தின்னவேயில்லை."

"சரி, சீரகம் இல்லை."

"வெந்தயமும் இல்லை. அவளுக்கு நெஞ்சுல வெள்ளை. கோவம் வந்துச்சுன்னா பின்னங்கால்ல எழுந்து நிப்பா, சந்தைக்காரி மாதிரி. இவளுக்கு அந்தத் தெம்பு ஏது? நடுங்கறா."

"சரி, வெந்தயமும் இல்லை. அப்ப இது கடுகுதான்."

"இல்லைங்க!"

"எப்படிச் சொல்றீங்க? முகந்தான் ஞாபகம் இல்லையே."

பாவாயி கூண்டுக்கு இன்னும் கிட்டத்தில் போனாள். எலியின் காதைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். மூக்கு துடிப்பதைப் பார்த்தாள். சாமி வேட்டியைப் பிழிந்து உதறினார். தண்ணீர் தெறித்ததை அவள் கவனிக்கவில்லை.

"வாலு" என்றாள்.

"வாலுக்கு என்ன?"

"இவ வாலை அப்படியே நீட்டிப் போட்டிருக்கா. கடுகு போட மாட்டா. உக்காந்தா வாலைச் சுருட்டி வயித்துக்கடியில வெச்சுக்குவா. அடுப்படியில எல்லாரும் நடக்கறமில்ல, மிதிச்சிருவாங்கன்னு பயம். யாருக்கும் எடைஞ்சல் ஆகக்கூடாது அவளுக்கு."

சாமி ஈர வேட்டியோடு கூண்டுக்குக் கிட்டே வந்து குனிந்தார்.

"மீசை இவளுக்கு நேரா இருக்குது. அவளுக்கு இந்தப் பக்கத்துல ஒண்ணு மட்டும் மடங்கி இருக்கும். சின்னதுல வெளக்குச் சூடு பட்டது. கண்ணு… இவ்வளவு பெருசு இல்லைங்க. ஏதோ கேக்க வந்துட்டுக் கேக்காமப் போற மாதிரியே பாப்பா. நான் அரிசி கழுவறப்ப இப்படித்தான் எதுத்தாப்பல உக்காந்துட்டு…"

அவள் கை கம்பி மேல் போய் நின்றது.



"சாமி."

"சொல்லுங்கக்கா."

"வந்துட்டாளுங்க."

சாமி வேட்டியைக் கொடியில் போட்டார். பாவாயி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இன்னும் கூண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, அடிக்குரலில் சொன்னாள்.

"இவ குட்டி போட்டிருக்காளுங்க. காம்பு தெரியுது. எங்கியோ மூட்டைச் சந்துல கிடக்குதுங்க போல."

கொட்டில் பக்கமிருந்து சென்னியப்பன் குரல் கொடுத்தான்.

"அக்கா, முக்கியாச்சா?"

பாவாயி கூண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டியைப் பார்த்தாள், நெல்லறைக் கதவைப் பார்த்தாள், கடைசியில் சாமியைப் பார்த்தாள்.

"விட்டுட்டா மறுபடியும் இலைக்குத்தானே வருவா. என் புள்ளைங்க பங்குலதானே கை வெப்பா. நான் என்ன பண்ணட்டும் சாமி?"

மாரப்ப சாமி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க பொண்ணை இவதான் வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டு வந்து விட்டிருக்கா. கூட்டிக்கிட்டு வந்தவளை ஒரு வாய் நொய்கூடக் குடுக்காமலா அனுப்புவீங்க அக்கா?"